மலைக்கு ஓர் இடம்

1983ஆம் ஆண்டு மே மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணிக்குப் போளூர்ப் பேருந்து என்னை ஜமுனாமரத்தூரில் இறக்கிவிட்டது. வேலூர்க் கல்லூரியில் முதலாண்டுத் தேர்வை முடித்துவிட்டு, அங்கே சேர்ந்த பிறகு முதன்முறையாக விடுமுறைக்கு வந்திருந்தேன். பெட்டியைத் தரையில் வைப்பதற்குள் என் அத்தை மகன் எதிரே வந்து நின்றார். என்னைவிட ஒரு வயது மூத்தவர்; நான் மாமா என்று அழைப்பவர். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கறுப்பு எண்ணெய் அப்பியிருந்தது. "இன்ஜினீரம்மா, வூட்டுக்கு அப்புறம் போலாம். ஆயில் இன்ஜின் நின்னு போச்சு, செடியெல்லாம் வாடிக் கெடக்குது. இன்னான்னு ஒரு பார்வ பாத்துட்டுப் போ" என்று சொல்லி, என் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார்.

கேலி செய்கிறார் என்று எண்ணிக்கொண்டே பின்னால் போனேன். கிணற்று மேட்டில் ஐந்தாறு பேர் இயந்திரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து இடம்விட்டார்கள். ஒருவர் தம் தோள்துண்டை எடுத்து, நான் கைவைக்கக்கூடும் என்று, இயந்திரத்தின் மேல்பக்கத்தைத் துடைத்துவிட்டார். அப்போதுதான் விளங்கியது. நான் பொறியியல் படிப்பதாக இவர்கள் எல்லோரும் ஓராண்டாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு எங்கள் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து கணக்குப் பாடம் எடுத்து மேல்நிலைத் தேர்வில் தேறியவர்கள், நான் அறிந்தவரை, மாமாவும் நானும்தாம். இருவரும் பொறியியலுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தோம். என் தகப்பனார் புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுப்பவர். பூத்து நிற்கும் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அண்ணாந்து பார்த்து, இத்தனை மூட்டை தேறும் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது பிசகுவதில்லை. எனக்கு இடம் கிடைக்குமா என்பதையும் அவர் அப்படித்தான் மதிப்பிட்டார். மலைச்சனத்துக்கு இடஒதுக்கீடு உண்டு என்று போளூர்த் தேநீர்க்கடையில் காதில் விழுந்த பேச்சு, அவர் மலையேறி வீடு வந்து சேர்வதற்குள் மலைக்கு ஓர் இடம் என்று ஆகியிருந்தது. "கீறது ஒரு சீட்டு. ரெண்டு பேரும் போட்டா ரெண்டு பேருக்கும் பாதி பாதிதான். யாருக்கும் உருப்படியா வராது" என்றார்.

காட்டில் தேனடையை முதலில் கண்டவர் அந்த மரத்தடியில் புல்லைத் திரித்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு வருவார்; அதைக் கட்டுவது என்போம். பிறகு வேறு எவரும் அந்த மரத்தை நெருங்குவதில்லை. முடிச்சுப் போட்டவரே ஒரு வீட்டு வாசலில் போய் நின்று, நாலு பேர் காதில் விழும்படி, விட்டுவிட்டேன் என்று சொன்னால்தான் அந்த வீட்டார் அதைத் தொடலாம். எனக்கான விண்ணப்பத்தை முதலில் வாங்கிவந்துவிட்ட தகப்பனார், நேராகத் தம் தங்கை வீட்டுக்குப் போய், "நாங்க கட்டிட்டோம்" என்று மட்டும் சொன்னார். மாமாவின் மதிப்பெண் என்னுடையதைவிட அதிகம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடையை முதலில் கண்டவர் யார் என்பதுதான் வழக்கம் கேட்கும் கேள்வி. யார் நன்றாக மரம் ஏறுவார் என்று அது கேட்பதில்லை. மாமா விண்ணப்பிக்கவில்லை. மறுநாள் என்னைக் கண்டபோது, "நல்லா எழுதிப் போடு. மலை மானம் உங்கிட்டதான் கீது" என்று சிரித்தார். போட்டியில் ஒருவர் குறைந்தார் என்று நானும் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். மாநிலம் முழுவதிலுமிருந்து எத்தனை பேர் விண்ணப்பிப்பார்கள் என்று யோசிக்காத கணக்கு அது.

எனக்கு இடம் கிடைக்கவில்லை. வேலூரில் தமிழ் இலக்கியத்தில் சேர்ந்தேன். விடுதியில் என் அறைத்தோழியின் அண்ணன் பொறியியல் மாணவர். நான் விண்ணப்பித்த ஆண்டில் எங்கள் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணை அவர் வழியாகத் தெரிந்துகொண்டேன். என்னுடையது அதற்குக் கீழே இருந்தது, மாமாவுடையது மேலே.

கிணற்று மேட்டில் எல்லோரும் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கு இது தெரியாது, மாமா. நான் படிக்கிறது தமிழ்" என்றேன்.

துண்டால் துடைத்தவர், "அப்போ தமிழ்லயே நாலு வார்த்த திட்டிப் பாரும்மா. நாங்க திட்டினதுக்கு மசியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அப்போ அந்த சீட்டு யாருக்குப் போச்சு?"

"மலைக்கு ஒண்ணுன்னு சீட்டே கெடையாது, மாமா. எத்தன பேரு வேணும்னாலும் போடலாம். மார்க்கத்தான் பாக்கறாங்க."

"என் மார்க்குக்கு?"

"வந்திருக்கும்" என்றேன்.

அவர் குனிந்து, கழற்றி வைத்திருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு தகர மூடியில் போட்டார். "சரி, பெட்டிய எடுத்துக்கினு வூட்டுக்குப் போ. அத்த பாத்துகினு இருப்பாங்க" என்றார். என் அம்மாவைத்தான் அத்தை என்றார். தோளில் வைத்துக் கொண்டுவந்த பெட்டியை இப்போது அவர் கண்ணால் மட்டும் காட்டினார்.

வீட்டில் தகப்பனாரிடம் கேட்டேன். "இன்ஜினீருக்குப் படிக்கிறான்னு நான் யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

"இல்லன்னு சொன்னீங்களா?"

"காலேஜ்ல சேந்துட்டான்னு சொன்னேன். அவங்களே நெனச்சுக்கினாங்க. அந்தப் புள்ளயப் போட வுடாம நிறுத்தினது நானு. ஒண்ணும் ஆவலன்னு அவன் மூஞ்சியப் பாத்து எப்படிம்மா சொல்றது?"

அந்த ஓராண்டும் அவர் தங்கை வீட்டுப் பக்கம் போகாமல், தோப்புக்குச் சுற்றுவழியில் போய்வந்தார் என்று அம்மா சொன்னார். அதே மதிப்பெண்ணோடு மாமா இந்த ஆண்டு விண்ணப்பிக்கலாம், இன்னும் சில நாள்கள்தாம் இருக்கின்றன, நீங்கள் போய் விட்டுவிட்டோம் என்று சொல்லாமல் அவர் தொடமாட்டார் என்று நான் எடுத்துச் சொன்னேன். தகப்பனார் சாமைச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "காலைல பாக்கலாம்" என்றார். மதிப்பீடு பிசகிப்போன ஆண்டுகளில் மரத்துச் சொந்தக்காரர்களிடமும் அவர் இதே குரலில்தான் பேசுவார்.

அந்த ஆண்டுத் தேர்வில்தான் நாணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வந்திருந்தேன். அன்று எனக்கு நேர்ந்ததற்கும் அதற்கும் தொடர்பே இருக்கவில்லை. தோற்றதற்காக நான் வெட்கப்படவில்லை. தோற்கப்போகிற எனக்காக, வெல்லக்கூடிய ஒருவர் வழிவிட்டிருந்தார்; அதைக்கூட அவர் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் என்னை வெட்கப்படவைத்தது. இப்போது நான் முதுகலை படிக்கிறேன். பின்னர் மாமாவுக்கு இடம் கிடைத்ததா என்பதை இங்கே எழுதவில்லை. எப்படி எழுதினாலும் அது என்னைப் பற்றிய தீர்ப்பாகப் படிக்கப்படும். அதற்கு அவருடைய வாழ்க்கையைப் பயன்படுத்த எனக்கு உரிமையில்லை.

மறுநாள் காலை நான் எழுந்தபோது தகப்பனார் தோப்புக்குப் போய்விட்டிருந்தார். விட்டுவிட்டோம் என்று போய்ச் சொல்வது வீட்டு ஆண்களின் வேலை. ஒரு பெண் போய்ச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தார். "நாங்க விட்டுட்டோம், அத்த" என்றேன். உலக்கைச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. மறுபடியும், அடுத்த வீட்டார் எட்டிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொன்னேன்.

உலக்கை நின்றது. "ஒரு வருசம் வெச்சிருந்துட்டு வந்து விடறீங்களா? அடையில இன்னும் தேனு கீதா, இல்ல வெறும் மெழுகா?" என்றார் அத்தை.

"கீது, அத்த. வெள்ளிக்கிழமைக்குள்ள போடணும்."

மாமா வாசற்படியில் வந்து நின்றார். கைகளில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. "இந்த வருசம் வேற எவனாவது கட்டியிருந்தா?" என்று கேட்டார்.

"கட்டியிருக்கட்டும், மாமா. நீங்களும் போடுங்க."

இதை நான் போன ஆண்டே சொல்லியிருக்கலாம் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். "பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். அத்தை என்னை உட்காரச் சொல்லவில்லை. உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, மதிப்பெண் சான்றிதழைத் தேடியெடுக்க அவரும் உள்ளே போனார். உரலில் சாமை பாதியில் கிடந்தது. நான் உலக்கையை எடுத்து, மாமா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும்வரை குத்தினேன்.