துணிச்சல்: மூன்று

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஓர் இரங்கல் ஈமெயில் வந்தது. இறந்தவர் — நான்.

அனுப்பியவர் கோயம்புத்தூர் வாசகர் ஒருவர். ‘சார், நேற்று எங்கள் ஆட்டத்தில் நீங்கள் காலமாகிவிட்டீர்கள். குகையை விட்டு எல்லோரும் ஓடியபோது நீங்கள் மட்டும் நகரவே இல்லை. நண்பர்களுக்கு ரொம்ப வருத்தம். உங்கள் குடையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.’

மூன்று தடவை படித்தேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“குடையையாவது எடுத்தாங்களே” என்றாள்.

மெயிலின் அடியில் ஒரு லிங்க் இருந்தது. தட்டினேன். குன்னூர் மழையில் அது திறப்பதற்குள் ஒரு டீ குடித்து முடித்தேன். திறந்தது ஒரு வெப்சைட். ஏதோ ஒரு விளையாட்டின் ரசிகர்கள் நடத்துவது.

என்ன விளையாட்டு? அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. புரிந்ததா என்று கேட்காதீர்கள். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதை சொல்கிறார் — ‘எதிரே ஒரு குகை.’ மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். ‘நான் உள்ளே போகிறேன்’ என்கிறார் ஒருவர். போவதில்லை, நாற்காலியில்தான் இருக்கிறார். உள்ளே போன பிறகு என்ன ஆயிற்று என்பதை இருபது முகம் கொண்ட ஒரு தாயக்கட்டை முடிவு செய்கிறது.

விளையாட்டைக் கண்டுபிடித்து விற்பவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். ஆனால் அதற்கு வேண்டிய வரைபடம், பூதங்களின் பட்டியல், ஊர்ப் பெயர்கள், கதாபாத்திரங்கள் எல்லாவற்றையும் ரசிகர்கள் தாங்களே தயாரித்து, சொந்தமாக வெப்சைட் வைத்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அள்ளிக் கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு விடிய விடியக் காய் நறுக்கிக் கொடுப்பது மாதிரி. பந்தியில் யார் உட்காரப்போகிறார்கள் என்றுகூடத் தெரியாமல்!

நான் பார்த்தது நம் மலையிலிருந்தே நடக்கும் வெப்சைட். அதில் ஒரு பட்டியல் — ‘மஞ்சூர் பஸ்ஸில் என்ன நடக்கிறது? கட்டையை உருட்டவும்.’ ஒன்று விழுந்தால், பஸ் வரவில்லை. இரண்டு — வந்தது, நிற்கவில்லை. ஏழு — கொண்டை ஊசி வளைவில் பக்கத்து சீட்டுக்காரர் உங்கள் மடியில் வாந்தி எடுக்கிறார். இருபது — காட்டெருமை.

சிரித்துக்கொண்டே அடுத்த பக்கம் போனேன். சிரிப்பு நின்றது.

‘பத்தி எழுத்தாளர். வயது ஐம்பத்து நான்கு. மெரூன் மஃப்ளர், பெரிய குடை. சர்க்கரை இல்லாத டீ கேட்பார், கூட இரண்டு இனிப்பு வர்க்கி சாப்பிடுவார். அறிவு 14. பலம் 6. துணிச்சல் 3. சிறப்புத் திறன்: எந்த ஆபத்திலும் கருத்து சொல்வார். பலவீனம்: சொல்லி முடிக்கும்வரை ஓடமாட்டார்.’

நானேதான். அறிவு பதினான்கு — பெருந்தன்மை. பலம் ஆறு — எங்கள் வீட்டு மாடிப்படிக்குத் தெரியும். ஆனால் துணிச்சல்... பதினெட்டுதான் உச்சமாம், அதில் எனக்கு மூன்றா? அதே பக்கத்தில் ‘எஸ்டேட் பூனை’ என்றொரு பாத்திரம். அதற்கு ஒன்பது!

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். நான்கு வருடம் முன்பு இதே பத்தியில் எழுதினேன். மஞ்சூர் பஸ்ஸைக் காட்டெருமை மறித்தது, செல்ஃபி எடுக்க ஒரு டூரிஸ்ட் இறங்கியது, நான் பின்னாலேயே இறங்கி அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தது. ‘அதுக்கும் வேலை இருக்கும், போயிரும்’ என்று நான் சொன்ன வரியை எத்தனை பேர் பாராட்டி எழுதினீர்கள்! அந்த எனக்கு மூன்றா?

விடுவேனா? வெப்சைட்டில் ‘பிழை இருந்தால் எழுதவும்’ என்று ஒரு முகவரி. எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள்: துணிச்சலை உயர்த்தித் தரக் கோருதல் தொடர்பாக.

அரை மணியில் பதில். ‘சார், ஞாயிற்றுக்கிழமை மஞ்சூருக்கு வாங்க. பேசிக்கலாம். — சுமதி.’

போனேன். வீட்டில் இருந்தார் சுமதி; நாற்பது வயதிருக்கும். குந்தாவில் மின்வாரிய அலுவலகத்தில் வேலை. வெப்சைட்டில் இருக்கும் குகைகளெல்லாம் அவர் வரைந்தவை. மின்சாரத்துக்காக மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோகும் ஊர்க்காரர், குகைக்குப் பஞ்சமா?

“வாங்க சார், உக்காருங்க. எங்க ஊட்ல எல்லாருமே உங்க ரசிகருங்க.”

“ரசிகர்கள் மூணு போடுவாங்களா?”

“ரசிகருங்கறதாலதான் சார் உங்களச் சேத்தினேன். புடிக்காதவங்களுக்கு எதுக்குங்க உக்காந்து கணக்குப் போட்டுட்டு?”

எனக்கு முதலில் தெரிய வேண்டியது வேறு. “கோயம்புத்தூர்ல நான் செத்துட்டேனாமே?”

“அது அவங்க ஆட்டத்துலீங்க. எங்க ஆட்டத்துல நல்லா இருக்கறீங்க. போன வாரம் உங்களுக்குக் கல்யாணங்கூட ஆச்சு.”

“கல்யாணமா! யாரோட?”

“அது எதுக்குங்க சார், வீட்ல பிரச்னையாயிரும்.”

“சரி... இதுல யார் ஜெயிப்பாங்க?”

“யாரும் ஜெயிக்க மாட்டாங்கங்க.”

“அப்ப ஆட்டம் எப்ப முடியும்?”

“ஒண்ணரை மணிக்குங்க. அதுக்கு மேல சோறு ஆறிரும்.”

இதற்குமேல் கேட்பதில் பயனில்லை என்று விஷயத்துக்கு வந்தேன். மூன்றை எப்போது மாற்றுவீர்கள்?

“ஆதாரம் குடுத்தா உடனே மாத்தீருவேனுங்க. எங்கெங்கியோ இருக்கறவங்க நம்பி டவுன்லோட் பண்றாங்க சார். வரைபடத்துல ஒரு வழி தப்பாப் போட்டா அவங்க ஞாயித்துக்கெழமையே வீணாப் போயிருமல்லங்க? அதனால எத மாத்துனாலும் எதுக்கு மாத்துனேன்னு எழுதி வெச்சுருவேன். முதல்ல உங்களுக்குப் பதினஞ்சுதானுங்க போட்டிருந்தேன்.”

லேப்டாப்பைத் திருப்பினார். இரண்டே வரி.

‘துணிச்சல் 15. ஆதாரம்: அவரே எழுதிய பத்தி.’

‘துணிச்சல் 3. ஆதாரம்: பஸ் ஓட்டியவர்.’

“பஸ் ஓட்டினது யாருங்க?” என்றேன்.

“நாந்தானுங்க” என்று சமையலறையிலிருந்து டீயோடு வந்தார் ஒருவர். முருகேசன். சுமதியின் கணவர்.

டீயை வாங்கிக்கொண்டேன்.

“நாலாவது சீட்டுல இருந்தீங்க. கண்ணாடில பாத்தேனுங்க” என்றார்.

“என்ன தெரிஞ்சுது?”

“ஒண்ணுந் தெரியலீங்க. அதான் திரும்பிப் பாத்தேன். லெட்சுமியம்மாவோட ரேஷன் பைக்குப் பொறகால உக்காந்திருந்தீங்க.”

நான்கு வருடம் தள்ளிப்போட்டதை இப்போது சொல்லிவிடுகிறேன். அன்று பஸ்ஸை விட்டு இறங்கியது நான் இல்லை. லெட்சுமியம்மா. மஞ்சூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். பையை பஸ்ஸுக்குள் சீட்டுகளுக்கு நடுவே வைத்துவிட்டு இறங்கினார், டூரிஸ்ட்டின் கையைப் பிடித்தார், காட்டெருமைக்கு முதுகு காட்டாமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்து அவரைக் கொண்டுவந்து படியில் ஏற்றினார். ஏறி உட்கார்ந்த பிறகு, அலட்டிக்கொள்ளாமல் நீங்கள் பாராட்டிய அந்த வரியைச் சொன்னதும் அவர்தான். அதுவரை அவருடைய பையை நான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன் — அதன் பின்னால் இருந்து.

ஏன் அப்படி எழுதினேன்? அந்த வாரம் பத்திக்கு ஒரு கதாநாயகன் தேவைப்பட்டான். கைவசம் நான்தான் இருந்தேன்.

“நான் எழுதினது அந்தம்மாவுக்குத் தெரியுமா?”

“நாந்தானுங்க படிச்சுக் காட்டுனேன்” என்றார் முருகேசன்.

“கோபப்பட்டாங்களா?”

“சிரிச்சுதுங்க. ‘ஐயா நல்லாத்தான் எழுதியிருக்காரு. பையில இருந்த தக்காளிய நசுக்கிப்புட்டாரே, அதையுஞ் சேத்து எழுதியிருக்கலாம்’னுச்சு.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் குழப்பம்தான் கூட வந்தது. இல்லாத குகை, இல்லாத பூதம். அவற்றின் நடுவே நிற்கும் என் துணிச்சல் எவ்வளவு என்று ஒரு பெண் பார்த்தவரைக் கேட்டுத் திருத்துகிறார். நடந்த சம்பவத்தை எழுதும் நான் யாரையும் விசாரிக்கவில்லை — விசாரித்தால் தெரிந்துவிடுமே! இதில் எது விளையாட்டு, எது எழுத்து? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து இந்தப் பத்தியை இதுவரை எழுதினேன். சுமதிக்குப் போன் போட்டு முழுவதையும் படித்துக் காட்டினேன்.

“அந்தப் பதினஞ்ச லெட்சுமியம்மா பேருக்கு மாத்தீர்றேனுங்க” என்றார். “உங்களுக்கு நாலு.”

“நாலுதானா?”

“ஒத்துக்கிட்டதுக்கு ஒண்ணுங்க சார். மத்ததெல்லாம் எறங்குனவங்களுக்கு.”

“சரி, இப்பவே மாத்திடுங்க.”

“அதெப்படிங்க சார்? போன்ல சொன்னதெல்லாம் ஆதாரம் ஆகுங்களா? முதல்ல பத்திரிகைல வரட்டும்.”

நியாயம்தான். அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் இதை மேஜைமேல் வைத்திருந்தேன்.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், எனக்கு இப்போது நான்கு.