படத்துக்குக் குடம் தூக்காத ஜெயம்மாள்

ஜெயம்மாளின் மொபெட் மீட்டர் 31,860 கிலோமீட்டர் காட்டுகிறது. வண்டி வாங்கி ஏழு வருடம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் தண்ணீருக்காக ஓடியது என்கிறார். மீதி, ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் புளியும் சாமையும் ஏற்றிப் போனது.

ஜவ்வாது மலையில் நெல்லிக்கொல்லை முப்பது வீட்டு ஊர். ஜெயம்மாளுக்கு நாற்பத்து மூன்று வயது. கணவர் வருடத்தில் பாதி நாள் கேரளத்தில் மிளகு பறிக்கிறார். வண்டி வந்தபோது ஓட்டக் கற்றுக்கொடுக்க ஊரில் ஆள் இல்லை. சாமை அறுத்த கொல்லையில் விழுந்து எழுந்து தானே பழகிக்கொண்டார். மகளிர் குழுவின் தலைவி பதவியும் வண்டியால் வந்ததுதான். பேங்குக்குப் போய்வர ஓர் ஆள் வேண்டுமே.

ஊரை ஒட்டி ஓர் ஊற்று இருந்தது. மழை முறைதப்பிய பிறகு தை மாதத்திலேயே வற்றிவிடுகிறது. அதன் பக்கத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி நிற்கிறது. கட்டிய நாளிலிருந்து கோடையில் அதில் தண்ணீர் நின்றதில்லை.

அந்தத் தொட்டிக்கு ஒரு கதை உண்டு. ஐந்து வருடம் முன்பு உதவி செய்ய வந்தவர்கள், பெண்கள் தண்ணீர் எடுப்பதைப் படம் பிடிக்க வேண்டும் என்றார்கள். கோடையில் ஊர் உண்மையாகத் தண்ணீர் எடுக்கும் பாறைச்சுனை மேட்டுக் காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர். ஒற்றையடிப் பாதை, ஜீப் போகாது. சரி, ஊர் ஊற்றிலேயே எடுப்பதுபோல நின்றுவிடலாம் என்று பெண்கள் வரிசையாக நின்றார்கள். பணம் வந்தது. படத்தில் இருந்த இடத்திலேயே தொட்டியும் வந்தது. கொடுக்கிறவர்களிடம் குறை சொல்வது அழகில்லை என்று ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது வெயில் நேரத்தில் அந்தத் தொட்டியின் நிழலில் ஆடுகள் படுத்திருக்கின்றன.

இந்த ஏப்ரலில் இன்னொரு நிதி வரவிருந்தது. காலநிலை மாற்றத்தைத் தாங்க மலை ஊர்களுக்கு உதவும் ஓர் அறக்கட்டளையுடையது. ஊரின் சார்பில் விண்ணப்பம் போட்டது ஒடுகத்தூர் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பிரகாஷ். பழைய ஊற்றைத் தோண்டி ஆழப்படுத்திப் பெரிய தொட்டி கட்டுவது அவர் திட்டம். பார்வையிட ஆள் வருவதற்கு முதல் நாள் குழுவைக் கூட்டினார்.

"எல்லாரும் குடத்தோட ஊத்துகிட்ட வந்துருங்க. பிளாஸ்டிக் குடம் வேணாம், படத்துல நல்லாருக்காது. பித்தளை இருந்தா எடுத்துனு வாங்க. அக்கா, உங்க வண்டிய மட்டும் நாளைக்கு வெளிய எடுக்காதீங்க. வசதியான ஊருன்னு நெனச்சுக்குவாங்க."

"அந்த ஊத்துல தண்ணியே இல்லியே தம்பி. தோண்டினாலும் பாறைதான்" என்றார் ஜெயம்மாள். "சுனைலருந்து பைப்பு போடுன்னு எழுதச் சொன்னேனே, இன்னாச்சு?"

"அது காட்டு எடம்க்கா. ஊத்து பொறம்போக்கு, யார்கிட்டயும் அனுமதி வேணாம்."

"அப்ப என்னால நிக்க முடியாது. குடமும் தூக்க மாட்டேன்."

கணவரின் தங்கை கலைவாணிக்குக் கோபம் வந்தது. "ஒரு மணி நேரம் குடத்த வச்சுனு நின்னா உனக்கு இன்னா கொறஞ்சு போச்சு அண்ணி? வர்றதையும் கெடுக்காத."

"போன வாட்டி நீதான் மொத ஆளா நின்ன. படத்துல உன் மூஞ்சி நல்லா வந்துச்சு. தண்ணிதான் வரல."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். கலைவாணி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர்களும் ஜெயம்மாளிடம் முகம் கொடுக்கவில்லை. பணம் போனால் பழி யார் மேல் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மறுநாள் அறக்கட்டளையிலிருந்து வந்தவர் வாணியம்பாடிக்காரர், பெயர் அதீபா. ஊற்றுப் பக்கம் பதினைந்து பெண்கள், கல்யாணத்துக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும் பித்தளைக் குடங்களோடு நின்றார்கள். ஜெயம்மாள் நான்கு பிளாஸ்டிக் கேன்களைக் கட்டிக்கொண்டு மொபெட்டை ஜீப்புக்கு முன்னால் நிறுத்தினார்.

"மேடம், நாங்க தண்ணி எடுக்கற எடம் இது இல்லீங்க. பாக்கணும்னா பின்னாடி ஏறுங்க."

பிரகாஷ் குறுக்கே வந்தார். "மேடம், அவங்க கொஞ்சம் அப்பிடித்தான்."

அதீபா குடங்களை எட்டிப் பார்த்தார். எல்லாம் காலி. மொபெட்டின் இரண்டு கேன்களை அவிழ்த்து இறக்கிவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

கடைசி வளைவில் வண்டியை விட்டுவிட்டுப் பாறையில் இறங்க வேண்டும். சுனையில் தண்ணீர் விரல் தடிமனுக்கு விழுந்துகொண்டிருந்தது. இவர்களுக்கு முன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் இருவர் காத்திருந்தார்கள். முறை வந்தபோது ஒரு கேனை அதீபா பிடித்தார். நிரம்பியதும் மேலே தூக்கி வந்தார், பாதியில் ஒரு தடவை இறக்கி வைத்து.

"இத யாரும் எங்ககிட்ட சொல்லலியே."

"கேக்கறவங்க யாரும் இவ்ளோ தூரம் வரலீங்க."

அதீபா மழுப்பவில்லை. "இது காப்புக்காடு. கிராம சபைல தீர்மானம் போட்டு, குடிதண்ணி பைப்புக்குன்னு வனத்துறைகிட்ட கேக்கலாம். கெடைச்சா செப்டம்பர்ல எங்களுக்குத் திரும்ப எழுதுங்க. இந்த வருஷப் பணத்த நான் அந்த ஊத்துக்குத் தர முடியாது. பார்த்துட்டேன்ல."

"தராதீங்க" என்றார் ஜெயம்மாள். "ஆடு படுக்க ஒரு தொட்டி போதும்."

ஊர் திரும்பிச் செய்தி சொன்னபோது, பித்தளைக் குடங்கள் இன்னும் வெயிலில் நின்றிருந்தன. பிரகாஷ் முகம் செத்துப்போயிருந்தது. "ஒரு வருஷ வேலக்கா" என்றார்.

"தீர்மானம் எப்பிடி எழுதணும்னு உனக்குத் தெரியும் தம்பி. அத எழுதிக் குடு. வர்ற மார்கழில நான் வண்டிய வித்துட்டு வூட்டுல தண்ணி புடிக்கணும்."

சாயங்காலம் கலைவாணி வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"கெடுத்துட்டல்ல."

"ஆமா."

"சுனைத் தண்ணி பைப்புல வருமா?"

"சுனை ஊருக்கு மேட்டுலதான இருக்கு. வராம?"

கலைவாணி வாசற்படியில் உட்கார்ந்தார். "கிராம சபைல நீ வாயத் தொறந்தா சண்டையாத்தான் முடியும். நான் பேசறேன். அந்தப் படத்துல நின்னவ நான்தான, அது பொய்ப் படம்னு நானே சொன்னா எவனும் மறுத்துப் பேச மாட்டான்."

மே ஒன்றாம் தேதி காலை கிராம சபை கூடுகிறது. சுனைப் பைப்புத் தீர்மானத்தைக் கலைவாணி முன்மொழிகிறார்.