நீலப் பேனாத் தண்ணீர்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியின் கறுப்பு வெள்ளைப் படம். அதன் மேல் நீல பால்பாயிண்ட் பேனாவால் தாறுமாறாக இழுத்த கோடுகள். இழுத்தவர் மேனேஜர். ரிக் கம்பெனி ஒன்றில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வடநாட்டுக்கு போர்வெல் போடப் போகும் ஆட்களைப் பற்றி ஓர் இசை நாடகம் எழுதி, மெட்டும் தானே போட்டு, போஸ்டருக்காக அஸ்தம்பட்டியில் நான் டிசைனராக இருக்கும் அச்சகத்துக்கு வந்தார்.

அதுவரை எனக்கு வந்ததெல்லாம் காதுகுத்தும் கல்யாணமும்தான். வட்ட வட்டமாக முகங்களை அடுக்க வேண்டும். ஒரு தாய்மாமன் விட்டுப்போனால் சண்டை அச்சகத்துக்கே வந்துவிடும். மேனேஜரோ, "மூஞ்சியெல்லாம் மேடையில பாத்துக்கட்டுங்க. நீங்களே ஒரு படம் வரைஞ்சு குடுங்க சாமி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் முறையாக என் கையால் வரைந்த படம் சுவரேறப் போகிறது. ரிக் வண்டி தோண்டும் குழியிலிருந்து எழும் புழுதி, மேலே போகப் போக ஆடுகிற மனிதர்களாக மாறுவதுபோல வரைந்தேன். மூன்று நாள் ஆனது. எனக்கே கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது.

மேனேஜர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"படம் அருமைங்க. ஆனா தண்ணி வரலீங்களே."

"நாடகத்துக்குத் தண்ணி எதுக்குங்க சார்?"

"வெறும் புழுதி பறந்தா போரு ஃபெயிலுன்னு அர்த்தமுங்க. நாடகம் போடற எருமப்பட்டி பூராவும் ரிக்காரங்க. இத அங்க ஒட்டுனா ஒருத்தரும் மண்டபத்துப் பக்கம் வர மாட்டாங்க."

குழாய்த் தண்ணீரில் வளர்ந்த எனக்கு இது எப்படித் தெரியும்? முகம் தொங்கிவிட்டது. அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, குழியிலிருந்து மேல்நோக்கிச் சரசரவென்று கோடுகளை இழுத்தார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் இப்போது நனைந்துகொண்டே ஆடினார்கள். எரிச்சலாக இருந்தது. படம் உண்மையிலேயே நன்றாகிவிட்டது என்பதுதான் பெரிய எரிச்சல். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. அந்தக் கோடுகளை அப்படியே ஸ்கேன் செய்து படத்தில் சேர்த்தேன்.

எருமப்பட்டியில் மண்டபம் நிறைந்தது. வாசலில் போஸ்டர் முன் நின்ற ஒருவர், "நல்ல தண்ணீங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதைக் கேட்டபோது சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது.

போன ஆயுத பூஜைக்கு முன் ஒரு ரிக் முதலாளி அதே போஸ்டரைக் கேட்டு வந்தார். "நாடகப் பேரு, தேதியெல்லாம் எடுத்துடுங்க. படம் மட்டும் போதும், வண்டியில ஒட்டோணும்." அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். முகமில்லாமல், எழுத்தில்லாமல் என் படம் இன்று எந்தெந்த ஊரிலோ ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்க வருகிறவர்கள் எல்லோரும், "தண்ணிய எப்படிங்க இப்படித் தத்ரூபமா வரைஞ்சீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். நான் மேசைக் கண்ணாடியை விரலால் தட்டிக் காட்டுகிறேன்.