அப்பாவுக்கு ஒரு டிரைவர்

எங்கள் டிராக்டர் டிப்பரின் பின்கதவில் என் பெயர் இருந்தது. மஞ்சள் எழுத்து, சிவப்புக் கரை, இரண்டு ஓரத்திலும் தாமரைப்பூ. நான் பிறந்த வருடம் வாங்கிய வண்டி என்பதால் எழுதியது. தங்கை பிறந்தபின் அவள் பெயரையும் எழுதச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கதவில் இடம் இல்லை என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். பஞ்சாயத்துத் தீர்மானம் ஒன்றை முழுசாக எழுதுகிற அளவுக்கு அதில் இடம் கிடந்தது. எனக்கென்ன, எனக்குச் சந்தோஷம்தான். மூன்றாம் வகுப்பில் டிராக்டர் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான்.

ஒருவர் நிலத்து மண்ணை அள்ளி இன்னொருவர் நிலத்தில் கொட்டுவது அப்பாவின் தொழில். செம்மண், சரளை, ஜல்லி, எம்சாண்ட், செங்கல், சாணி உரம், யார் எதைச் சொன்னாலும் டிராக்டருக்குப் பின்னால் பெட்டியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தாமிரபரணி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓடியது. ஆனால் ஆற்று மணலில் கை வைக்கிறவர்கள் வேறு ஆட்கள், அவர்கள் வண்டிகளும் வேறு. அப்பாவுக்கு அந்தத் தைரியமும் கிடையாது, அந்தத் தைரியத்தைத் தருகிற சிநேகிதங்களும் கிடையாது.

அப்பா ஓட்டுவார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பக்கத்து மட்கார்டில் உட்கார்ந்து போவார். இறக்குகிற இடம் வந்ததும் மாமா குதித்துப் பின்னால் போய்க் கதவின் கொண்டியைத் தட்டிவிட வேண்டும். அப்பா சீட்டில் இருந்தபடியே ஜாக்கியைத் தூக்குவார். பெட்டி எழும்பி மண் சரிந்து இறங்கும். நாள் முழுக்க அப்பா மாமாவைத் திட்டிக்கொண்டே இருப்பார். ‘ஏலே’ என்று ஆரம்பிக்காத, ‘லே’ என்றும் முடியாத வாக்கியத்தை அவர் மாமாவிடம் பேசி நான் கேட்டதில்லை. மாமா எல்லாவற்றுக்கும் ‘சரி அத்தான்’ என்பார். சீட்டில் மட்டும் அப்பா அவரை உட்கார விட்டதில்லை. கல்யாணமாகி வேட்டியை மடித்துக்கட்டித் திரிகிற ஆளைப் போய் அப்படி நடத்தலாமா என்று அம்மா அவ்வப்போது முணுமுணுப்பாள்.

சித்திரையில் குளம் வற்றினால் அப்பாவுக்கு வேலை அதிகம். குளத்துக் கரம்பை மண்ணை வயலுக்கு அடிக்க ஆட்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். வயலுக்குத் தங்கமான மண், வண்டிக்காரனுக்குத்தான் சனியன். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும், ஜாக்கியை எவ்வளவு தூக்கினாலும் இறங்காது. அதனால் கரம்பை ஏற்றுமுன் பெட்டிக்குள் வைக்கோலைப் பரப்பிவிடுவார்கள். வைக்கோல் மேல் விழுந்த மண் வைக்கோலோடு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இதற்காகவே அப்பா சீட்டுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கட்டு வைக்கோல் கட்டி வைத்திருப்பார். மாடு இல்லாத எங்கள் வீட்டில் வைக்கோலுக்கு மட்டும் குறைவே வந்ததில்லை.

ஒருநாள் வண்டியில் இருந்த கட்டு தீர்ந்துபோனது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு நான் குளத்துக்குப் போயிருந்தேன். முதல் நாள் மாலை கோடை மழை பெய்து மண் நசநசவென்று இருந்தது. மேற்கே மலைப்பக்கம் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் குளத்துக்குள் பொக்லைனும் இறங்காது, வண்டியும் இறங்காது, அந்த வருடத்துக் கரம்பை அதோடு சரி. அதற்குள் முடிந்தமட்டும் அடித்துவிட வேண்டும் என்று அப்பா சோற்றைக்கூடத் தொடவில்லை.

பொக்லைன் மண்ணை அள்ளித் தூக்கியபோது மாமா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“அத்தான், வைக்கல் போடலியே.”

“வானத்தப் பாருலே. வைக்கலுக்கு வீட்டுக்குப் போயிட்டு வந்தா மழை வந்துரும். ஒரு நடைதான, உதறி எறக்கிருவோம்.”

மாமா ‘சரி அத்தான்’ என்றார். என்னைத் தூக்கி மட்கார்டில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வயல் வந்ததும் என்னை இறக்கி வரப்பில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கப் போனார்.

பெட்டி முழுசாக எழும்பியும் ஒரு கட்டி மண் விழவில்லை. இந்த மாதிரி ஒட்டினால் வண்டிக்காரர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். தூக்கிய பெட்டியோடு வண்டியை இரண்டு முழம் முன்னால் விட்டுச் சட்டென்று பிரேக் அடிப்பார்கள். அந்த உதறலில் மண் பெயர்ந்து விழுந்துவிடும். அப்பாவும் உதறினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி உதறியபோது வலது பக்கத்து மண் மட்டும் தொப்பென்று விழுந்தது. இடது பக்கத்து மண் உச்சியில் அப்படியே நின்றது. அந்தப் பாரத்தில் இடது பக்கத்துச் சக்கரம் ஈர வயலுக்குள் மெதுவாக இறங்க, பெட்டி சாய்ந்தது. சாய்ந்த பெட்டி டிராக்டரையும் முறுக்கி இழுத்துக்கொண்டு விழுந்தது. அப்பா குதித்தார். உடம்பு தப்பியது, இடது கால் தப்பவில்லை. அப்பா அலறவில்லை. மட்கார்டுக்கு அடியில் கால் கிடக்க, மாமாவைப் பார்த்து, “ஏலே, மொதல்ல எஞ்சின அமத்து” என்றார். மாமா டிரைவர் பக்கம் கையை நீட்டியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அப்பா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் இருந்தார். கம்பி வைத்துக் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். நடக்கலாம், ஆனால் முட்டி மடங்காது என்று டாக்டர் சொன்னாராம். “கிளச்சு மிதிக்க முடியுமா சார்?” என்று அப்பா கேட்டாராம். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார் என்று அம்மா பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த மறுநாளே அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டியிடம் போய்விட்டார். நிமிர்த்திக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். கீழே நின்றபடியே ஸ்டார்ட் செய்தார். கையை நீட்டி லிவரை இழுத்தார். வெறும் பெட்டி பைய எழும்பி, உச்சியில் கொஞ்ச நேரம் நின்று, பைய இறங்கியது. அன்றிலிருந்து தினமும் காலையில் இதுதான். எண்ணெய் ஓடாமல் கிடந்தால் ஜாக்கி செத்துப்போகும் என்பார். எனக்கும் தங்கைக்கும் அது பெரிய வேடிக்கை. பெட்டி எழும்பும்போது பழைய கரம்பைத் தூள் பொலபொலவென்று கொட்டும், நாங்கள் அதற்கடியில் ஓடி விளையாடுவோம். லோடு கேட்டு வந்தவர்களிடம் அடுத்த வாரம் வரச் சொல்வார். அடுத்த வாரமும் அதையே சொல்வார். பிறகு யாரும் வரவில்லை. ஆனாலும் பெட்டி ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஒருநாள் காலையில் எங்கிருந்தோ ஒரு சவுக்குக் கம்பை வெட்டிக்கொண்டு வந்தார். யோசனை என்னவென்றால், காலுக்குப் பதில் கம்பால் கிளச்சை மிதிப்பது. இடது கை கம்பில், வலது கை கியரில். ஸ்டீயரிங்குக்குக் கை இல்லை என்பது வண்டி கிளம்பிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. டிராக்டர் ஒரு துள்ளுத் துள்ளி, நாங்கள் குளிக்கிற ஓலைத் தட்டியை இடித்துச் சாய்த்துவிட்டு நின்றது. நானும் தங்கையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். தோசைக் கரண்டியோடு ஓடிவந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது என்று தங்கை எனக்கு விளக்கம் சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அதன்பின் திசையன்விளைப் பக்கமிருந்து ஒரு அண்ணாச்சி வண்டியைப் பார்க்க வந்தார். அப்பா அவருக்கும் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். ஓடாத வண்டியில் ஜாக்கி இவ்வளவு சுத்தமாக எழும்புவதைத் தான் பார்த்ததே இல்லை என்று அவர் பாராட்டிவிட்டுப் போனார். பாராட்டைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் மாமா அத்தையோடு வந்தார். அன்றைக்கு அத்தை கழுத்தில் சங்கிலி இல்லை, மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. மாமா அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“வண்டி வெளியூருக்குப் போவேண்டாம் அத்தான். நம்ம தெருவுலயே நிக்கட்டும். நான் வச்சிக்கிடுதேன்.”

அப்பா வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு, “சரிலே” என்றார். அவர் மாமாவை ‘லே’ போட்டுப் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து நடுவில் வண்டிச் சாவியை வைத்தாள். தம்பிக்குக் கொடுக்கிறோம் என்று சந்தோஷப்படுவதா, புருஷன் கையிலிருந்து போகிறதே என்று அழுவதா என்று தெரியாமல் அவள் முகம் அன்றைக்கு எப்படியோ இருந்தது. அப்பா சாவியை எடுத்துக் கொடுத்தார். மாமா அவர் காலில் விழுந்து வாங்கிக்கொண்டார். ஆக, மாமாவை டிரைவராக வேலைக்கு வைத்துவிட்டார்கள் என்று நான் தீர்மானித்தேன். யாரும் எனக்கு வேறு மாதிரி சொல்லவும் இல்லை. வண்டி பழையபடி எங்கள் வாசலில்தான் நின்றது, ஏனென்றால் மாமா வீட்டுச் சந்துக்குள் அது நுழையாது. பெயிண்டர் வந்தபோதும் பின்கதவில் மருமகள் பெயர் அப்படியே கிடக்கட்டும் என்று மாமா சொல்லிவிட்டார். பிறகு எனக்கென்ன சந்தேகம் வரும்? மாமா ஓட்டிப் பழகியதும் அப்பாவும் வண்டியில் போனார். மட்கார்டில், மடங்காத காலை முன்னால் நீட்டிக்கொண்டு.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எடுத்தபோது எம்சாண்ட் எங்கள் வண்டியில்தான் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். தட்டைக் கழுவிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் ஓடிப்போய் நின்றோம். மாமா சீட்டில் இருந்தார். அப்பா மட்கார்டிலிருந்து வலது காலை ஊன்றி இறங்கி, இடது காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தார். பெட்டியின் விளிம்பைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் நடந்தார்.

“அத்தான், நீங்க இருங்க. நான் வந்து தொறக்கேன்” என்றார் மாமா.

“இருக்கட்டும். நீங்க ஜாக்கியப் பாருங்க” என்றார் அப்பா.

மாமாவை அப்பா ‘நீங்க’ என்கிறாரே, இப்போதாவது மரியாதை வந்ததே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. பக்கத்தில் நின்ற சிநேகிதிதான் ஆரம்பித்தாள்.

“ஏட்டி, ஒங்கப்பா எதுக்குக் கதவு தொறக்காரு?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் அப்பா இனிமேல் வண்டி ஓட்ட மாட்டார், அதற்கு எங்கள் மாமாவைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். அவள் நம்பவில்லை, உதட்டைப் பிதுக்கினாள். சாட்சிக்கு ஆள் எதிரிலேயே இருக்கும்போது நான் எதற்கு விட வேண்டும்? வண்டியின் பக்கத்தில் போய் அண்ணாந்து கேட்டேன்.

“மாமா, நீங்க எங்கப்பாவுக்கு டிரைவர்தான?”

மாமா திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா கொண்டியில் கை வைத்தபடி நின்றார்.

“ஆமா மருமவளே. ஒங்கப்பாதான் மொதலாளி.”

அப்பா கொண்டியைத் தட்டினார். பெட்டி எழும்பியது. காய்ந்த மணல் ஒரு தடங்கலும் இல்லாமல் சரசரவென்று இறங்கி முடிந்தது. நான் சிநேகிதியைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். சாவி கொடுத்த நாளிலிருந்து அப்பா காலையில் ஜாக்கி தூக்குவதில்லையே என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. அதற்கும் விடை கிடைத்துவிட்டது. டிரைவர் இருக்கும்போது முதலாளி எதற்கு அதையெல்லாம் செய்ய வேண்டும்?

பெட்டி இறங்கிய பிறகு அப்பா கதவைச் சாத்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, எங்கள் பக்கம் திரும்பாமல், கதவில் படிந்திருந்த மணலைத் துடைக்க ஆரம்பித்தார். மணல் போன பிறகும் துடைத்தார். மாமா எஞ்சினை ஓடவிட்டபடி காத்துக்கொண்டிருந்தார். என் பெயர் பளிச்சென்று தெரியட்டும் என்றுதான் அப்பா அவ்வளவு நேரம் துடைக்கிறார் என்று நான் நினைத்தேன்.