ஒரே ஒழுங்கையில் நான்கு வீடுகள்

பத்திரிகை வேலையை விட்ட பிறகு, சுற்றுலாப் பயிற்சி நடத்தும் ஒரு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். பயணிகள் ஓர் ஊரைக் கெடுக்காமல் திரும்பினால் மட்டும் போதாது, அதற்கு ஏதாவது நன்மை செய்துவிட்டுப் போகவேண்டும் என்பது நிறுவனத்தின் கொள்கை. பருத்தித்துறைப் பக்கம், கடல்நீரேரிக் கரையில் ஓர் ஊரைத் தெரிவுசெய்தோம். பாடசாலை ஆசிரியர்களுக்கும் ஊராருக்கும் ஒன்றாகப் பயிற்சி கொடுத்தோம். வெளிநாட்டு விருந்தினர் பிள்ளைகளோடு சேர்ந்து கரைச் சேற்றில் கண்டல் மரக் கன்று நடுவார்கள், ஊர் வீடுகளில் சாப்பிட்டு அங்கேயே தங்குவார்கள் என்பது திட்டம்.

தங்குவதற்கு நான்கு வீடுகள் முன்வந்தன. நான்கும் ஒரே ஒழுங்கையில், ஒரு சிறு சந்தில், இருந்தன. ஒரே தகப்பனின் வளவு நிலம் மகள்மாருக்குச் சீதனமாகப் பிரிந்து எழுந்த வீடுகள் அவை. வீட்டுக்காரிகள் நால்வரும் அக்கா தங்கைகள். ஒரு வீட்டில் சீனி முடிந்தால் வேலியில் விட்ட இடைவெளியான பொட்டால் மற்ற வீட்டுக்குப் போய் வாங்கி வருவார்கள். கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளருக்கு இது மிகவும் பிடித்துப்போனது.

மூன்றாவது சகோதரி ஊர்ப் பாடசாலையில் புவியியல் ஆசிரியை. முதல் விருந்தினர் குழு திருப்தியோடு போனால் அடுத்த வருடப் பயிற்சியும் கண்டல் நாற்றுமேடையும் அவருடைய பாடசாலைக்குக் கிடைக்கும். இல்லாவிட்டால் இரண்டும் வேறு மாவட்டத்துக்குப் போகும். வெட்டிய தண்ணீர்ப் போத்தல்களில் மாணவர்கள் வளர்த்த கன்றுகளை வகுப்பறைக்குப் பின்னால் வரிசையாக வைத்திருந்தார்.

விருந்தினர் வருவதற்குத் தடையாக என்னவெல்லாம் நேரலாம் என்று பயிற்சியில் ஒரு நாள் கேட்டோம். வெள்ளம், டெங்கு, மின்வெட்டு என்றார்கள். இறப்பு என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

குழு வருவதற்கு முந்தைய கிழமை ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, ஐயாவுக்கு ஏலாமல் கிடக்கு. ஆஸ்பத்திரியிலை வீட்டை கொண்டுபோகச் சொல்லிப்போட்டினம்."

"இப்ப எப்பிடி?"

"இருக்கிறார்."

அன்று பின்னேரமே போனேன். தகப்பன் மூத்த சகோதரியின் வீட்டு அறையில் கண்மூடிக் கிடந்தார். அவர் மூச்சு விடும் சத்தம் விறாந்தை வரை கேட்டது. சகோதரிகள் நால்வரும் விறாந்தையில் இருந்தார்கள். சன்னல்களில் விருந்தினருக்காக வாங்கிய புதுத் திரைச்சீலைகள் தொங்கின.

அவர் இறந்தால் நான்கு வீடுகளுக்கும் துடக்கு, அதாவது மரணத் தீட்டு. முப்பத்தோராம் நாள், கீரிமலைக்குப் போய் அந்தியேட்டிச் சடங்கு முடித்து வரும் வரை அந்த வீடுகளில் விருந்து கிடையாது. வெளியாட்கள் அங்கே தண்ணீர் குடிக்கவும் தயங்குவார்கள். விருந்தினர் இதைப் பொருட்படுத்தமாட்டார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"அவைக்கு இல்லை, எங்களுக்கு இருக்கெல்லோ," என்றார் கடைசித் தங்கை.

வேறு வீடுகளைக் கேட்கலாம் என்றால், வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்க அந்த ஒழுங்கைக்கு வெளியே யாருக்கும் நாங்கள் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

மூத்தவர் சொன்னார்: "ஐயா தன்ரை வாழ்நாளிலை எங்கடை வசதி பாத்து ஒண்டும் செய்யேல்லை. இதை மட்டும் பாத்தே செய்யப்போறார்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த கடைசித் தங்கை முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார்.

கொழும்பிலிருந்து பயிற்சியாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். வாகனத்தை ஒழுங்கு செய்யவேண்டும், நிலைமை உறுதியாகத் தெரிந்தால் நல்லது என்றார். தன்மையாகத்தான் கேட்டார். பத்திரிகையில் இருந்த காலத்தில் 'கவலைக்கிடம்' என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதைவிட உறுதியான ஒன்றை அந்த விறாந்தையில் நின்றுகொண்டு என்னால் சொல்ல முடியவில்லை.

ஆசிரியை என்னைக் கேட்டார்: "வரவேண்டாம் எண்டு சொன்னா, ஐயா போயிடுவார் எண்டு நானே முடிவு கட்டினமாதிரி. வாங்கோ எண்டு சொல்லி, அவை வந்து இறங்கேக்கை செத்தவீடு நடந்தா? நீங்கள் சொல்லுங்கோ அண்ணை, என்ன செய்யிறது?"

எனக்கும் தெரியவில்லை என்றேன்.

அவர் அறைக்குள் போய்த் தகப்பனைப் பார்த்துவிட்டு வந்து, என் கையிலிருந்த தொலைபேசியை வாங்கிப் பயிற்சியாளரை அழைத்தார். தந்தைக்குச் சுகமில்லை, தயவுசெய்து வரவேண்டாம் என்று வகுப்பில் பேசும் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். மறுமுனையில் அனுதாபம் தெரிவித்தார்கள். குழு வேறு மாவட்டத்துக்குப் போய்த் திருப்தியோடு திரும்பியது. பயிற்சியும் நாற்றுமேடையும் அந்த மாவட்டத்துக்கே போயின.

அடுத்த மாதம், நிறுவனம் கொடுத்திருந்த மெத்தைகளை ஏற்றிவரப் போனேன். தகப்பன் விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். கை நடுங்கவில்லை. எப்படித் தேறினார் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆசிரியையைப் பார்த்தேன். அவருடைய முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதற்கு மேல் என்ன இருந்தது என்று ஊகிக்க நான் விரும்பவில்லை.

"தம்பி, அந்த வெள்ளைக்காரர் எப்ப வருகினம்?" என்று கேட்டார் தகப்பன்.



"வருவினம் ஐயா. நீங்கள் ஆறமுதல் குடியுங்கோ," என்றார் மூத்தவர்.

"வாறதெண்டால் முன்னுக்கே சொல்லுங்கோ. தாடி வழிக்கோணும்."

"ஓம் ஐயா," என்று சொல்லிவிட்டு ஆசிரியை மெத்தையின் மறுபக்கத்தைத் தூக்கினார். தகப்பன் பார்க்காதபடி அதை வேலிப் பொட்டால் கொண்டுபோனோம்.