படத்துக்காகக் கழுவிய முட்டைகள்

கமலாசனி அக்காவுக்கு அக்கறை போதாதாம். குஞ்சு பொரிக்கும் மெசினை அவருக்குக் கொடுத்த தொண்டு நிறுவனத்தார் எங்கள் ஸ்கந்தபுரத்தில் இப்படித்தான் சொல்லித் திரிகிறார்கள். பக்கத்து வீட்டு வளவில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்காவின் கணவர் நெல் வெட்டும் மெசினோடு ஊரூராகப் போகிறவர். வளவும் தாரா வாத்துகளும் அக்காவின் பொறுப்பு. எங்கள் வாய்க்காலில் மேயும் தாராக்கள் முட்டையைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டு நடந்துவிடும், அடைகிடக்காது. ஆகவே கோழியைத்தான் தாரா முட்டையில் அடைவைப்போம். அக்காவின் அடைக்கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. தாராக்களுக்கும் வயதாகிக்கொண்டு வந்தது. குஞ்சு பொரிக்காவிட்டால் அவற்றோடு எல்லாம் முடிந்துவிடும் என்று அக்கா கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் வாழ்வாதார உதவியாக மெசின் வந்தது. தெர்மாகோல் போன்ற வெள்ளை றெஜிபோம் பெட்டி, உள்ளே சூட்டுக்கு ஒரு பல்ப், மேலே மூடி. பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு காலைப் பயிற்சி வைத்தார்கள். முழுவதும் கோழி முட்டையைப் பற்றியது.

அக்கா எழும்பிக் கேட்டார். “சேர், தாரா முட்டையும் இதுக்கை வைக்கலாமோ?”

“முட்டை எண்டா முட்டைதானே அக்கா,” என்றார் நிறுவனத்தின் அலுவலர் நிரஞ்சன். மண்டபம் சிரித்தது.

மெசினைக் கையளிக்க வந்த நாளில் அவர் படம் எடுப்பதற்காக நிறுவனத்தின் பதாகையைச் சுவரில் கட்டுவித்தார். பிறகு அக்காவின் ஓலைக் கடகத்தில் சேறு பட்டுக் கிடந்த முட்டைகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

“என்னக்கா, எல்லாம் ஒரே ஊத்தை. படத்திலை வடிவா வராது. கழுவிப்போட்டு வையுங்கோ.”

அக்கா சவர்க்காரம் போட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்து, முட்டைகளைப் பளிங்குபோல ஆக்கினார். படம் நன்றாகத்தான் வந்தது. முட்டைகள் அழுகின. ஒன்று பெட்டிக்குள்ளேயே வெடித்தது. அந்த நாற்றம் எங்கள் குசினி வரைக்கும் வந்தது. மிச்சமும் கூழ்முட்டைதான். அக்கா அவற்றைக் கிடங்கு வெட்டித் தாட்டார்.

முட்டையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. கிருமியை உள்ளே விடாமல் காப்பது அதுதான். தேய்த்துக் கழுவினால் அது போய்விடும். இதை நான் பிறகுதான் கைபேசியில் தேடி வாசித்தேன். ஊருக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் இதை முன்னரே வாசித்திருக்கக் கூடாதா? அவரோ தொலைபேசியில் அக்காவுக்குச் சொன்னது இதுதான்: “உங்களிட்டைச் சுத்தம் காணாது.”

சுத்தம் காணாதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ தாராக் கூட்டுக்குள் புது வைக்கோல் பரப்பப் போனார். வைக்கோலில் விழுந்த முட்டைகளில் சேறு இல்லை. கழுவ வேண்டியும் இல்லை.

இரண்டாம் முறை அவற்றை வைத்தார். கோழி முட்டையைவிடத் தாரா முட்டைக்கு ஒரு கிழமை கூடுதலாக வேண்டும், ஈரமும் கூடுதலாக வேண்டும். அக்கா மறக்காமல் இளஞ்சூட்டு நீர் தெளித்தார். மின்சாரம் நின்ற ஒரு பகலில், சுடுநீர்ப் போத்தல்களைப் பெட்டியைச் சுற்றி அடுக்கிக் கம்பளியால் போர்த்தினார். நெளுக்குளத்தில் தங்கை மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டுக்கும் போகவில்லை.

“என்ர பிள்ளையின்ர சாமத்தியவீட்டை விட உனக்குத் தாரா முட்டை பெரிசாப் போச்சோ?” என்று தங்கை தொலைபேசியில் கத்தினார்.

“கரண்ட் நிண்டா நீ வந்து அடைகிடப்பியோடி?” என்றார் அக்கா.

கடைசியில் முட்டைகளுக்குள் சத்தம் கேட்டது. ஒன்றில் சின்ன வெடிப்பு விழுந்தது. இந்தக் கட்டத்தில் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் ஈரம் வெளியேறிவிடும். உள்ளே இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சில் ஒட்டிக்கொள்ளும், குஞ்சு வெளியே வரமுடியாமல் செத்துப்போகும். ஓட்டை உடைத்து வெளியே வரத் தாராக்குஞ்சுக்கு ஒரு நாளுக்கு மேலும் செல்லும்.

பார்த்து வைத்ததுபோல அன்றைக்கே வாகனம் வந்தது. நிரஞ்சனோடு கமராக்காரரும், கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேரும் இறங்கினார்கள். திரும்பவும் அதே பதாகை.

“மூடியைத் திறவுங்கோ அக்கா. குஞ்சு வாறதைப் படம் எடுக்கவேணும்.”

“இப்ப திறக்கேலாது சேர்.”

“ஒரு நிமிசந்தானே!”

“உங்கட மனிசிக்கு வலி வந்த நேரம் ஆரும் படம் எடுக்க வந்தா விடுவியளோ?”

கமராக்காரர் சிரித்துவிட்டார். நிரஞ்சனின் முகம் கறுத்தது. “மெசின் நிறுவனம் தந்தது. மறந்துபோகாதேங்கோ,” என்று மூடிக்குக் கையைக் கொண்டுபோனார்.

அக்கா இரண்டு கைகளையும் மூடிமேல் ஊன்றிக்கொண்டார்.

“மெசின் நீங்கள் தந்தது. முட்டை என்ர தாரா தந்தது. முதல் வைச்சதை உங்கட படத்துக்குத்தான் குடுத்தனான். இதைத் தரமாட்டன்.”

பதாகையைச் சுருட்டினார்கள். “அடுத்த திட்டத்திலை உங்கட பேர் வராது,” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார் நிரஞ்சன். ‘அக்கறை இல்லை’ என்ற கதை அன்றைக்குத்தான் தொடங்கியது. காவல் இருந்தவருக்கு அக்கறை இல்லையாம், கழுவச் சொன்னவருக்கு உண்டாம்!

சில குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்துவிட்டன. மற்றவை ஒவ்வொன்றாக வெளியே வந்து, ஈரம் காய்ந்து, மஞ்சளாக எழும்பி நின்றன. அக்கா ஒன்றைக் கையில் ஏந்தி, தலையில் ஒட்டியிருந்த ஓட்டுத் துண்டை ஊதிவிட்டார்.

பிறகொரு நாள் நிரஞ்சனின் அழைப்பு வந்தது. குரலில் தேன். “அக்கா, குஞ்சு பொரிச்சதாம் எண்டு கேள்விப்பட்டன். அறிக்கைக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோவன்.”

குஞ்சுகள் தண்ணீர்த் தட்டுக்குள் ஏறி, தவிட்டைக் குழப்பி, தலை முதல் கால் வரை பூசிக்கொண்டு நின்றன. அக்கா அவற்றைப் பார்த்தார்.

“குஞ்செல்லாம் ஒரே ஊத்தை, சேர். படத்திலை வடிவா வராது.”