யாரும் படிக்காமல் ஜெபித்த கடிதம்

"அதப் படிச்சு என்ன செய்யப் போற?"

பதினாறு வயதிலிருந்து பதினெட்டு வரைக்கும் பாளையங்கோட்டையில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். சாப்பிட்டாயா என்று கேட்டவர்கள்கூட அத்தனை பேர் இருக்க மாட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் படித்தது ஜார்ஜிய மொழி. கோவில் கொயரில், அதாவது சர்ச் பாட்டுக் குழுவில், ஆல்ட்டோ என்கிற கீழ்க்குரல் பாடுகிறவள் நான். ஒருநாள் போனில் அந்த நாட்டு மலைக்காரர்கள் மூன்று குரலாகப் பிரிந்து பாடுவதைக் கேட்டேன். என்ன பாடுகிறார்கள் என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். எழுத்துகள் வேறு நம் எழுத்துக்கு ஒன்றுவிட்ட தங்கைமாதிரி வளைந்து வளைந்து இருந்தன. திருநெல்வேலியில் அதற்கு வகுப்பும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. போனில் கிடைத்த பாடங்களையும் ஒரு அகராதியையும் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் மாரடித்தேன்.

அப்பா ஆங்கில ஆசிரியர். மொழியின் அருமை தெரிந்த மனிதர் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன்.

"ஜெர்மன் படி, சர்டிபிகேட் தருவாங்க. ஜப்பான் பாஷை படி, வேலை கிடைக்கும். இதை எவன் பேசுதான்?"

"அந்த நாட்டுல உள்ளவங்க பேசுதாங்கப்பா."

"வாய் நீளுது."

ஆனால் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டால் அதே அப்பாவுக்கு என் மொழி வேண்டும். "ஏட்டி, அந்தப் பாஷைல ரெண்டு வார்த்தை பேசு" என்பார். குரங்காட்டி 'ஆடுறா ராமா' என்பானே, அதே மரியாதைதான் எனக்கும். பேசி முடித்ததும் எல்லாரும் சிரிப்பார்கள். என்ன சொன்னாய் என்று ஒருவர், ஒரே ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அத்தை மகள் மட்டும் வேறு. அப்பாவின் தங்கை மகள், என் வயதுக்காரி, இரண்டு தெரு தள்ளி வீடு. என் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகக் கேள்வி கேட்பாள். நான் தப்பாகச் சொன்னால் தலையில் குட்டுவாள். அவளுக்குச் சின்னதிலிருந்தே டாக்டர் ஆகவேண்டும். நீட்டில் தேறினாள், ஆனால் இங்கே சீட் கிடைக்கிற அளவு மார்க் இல்லை. வண்ணார்பேட்டையில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் கன்சல்டன்சிக்காரர் ஒருவரை அத்தை பிடித்தாள். அவர் காட்டிய நாடு ஜார்ஜியா.

அனுமதிக் கடிதம் வந்தது. முழுக்க அந்த நாட்டு மொழியில். கூடவே மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்திருப்பதாக ஆங்கிலத்தில் ஒரு தாள், கன்சல்டன்சிக்காரர் தாமே டைப் அடித்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பத்திரிகை, வேலை உத்தரவு, புது வண்டிச் சாவி, எதுவானாலும் வேதாகமத்தின் மேல் வைத்து ஐயர் ஜெபித்த பிறகுதான் மற்றதெல்லாம். சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்லுவோம். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அத்தை வீட்டு ஹாலில் முப்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தோம். வேதாகமத்தின் மேல் கடிதம். ஐயர் அதில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார். ஆமென் சொன்னோம்.

அப்போதுதான் அத்தைக்கு அந்த யோசனை வந்தது. "ஏட்டி, நீ அந்தப் பாஷைலயே லெட்டரை வாசி. எல்லாரும் கேக்கட்டும்."

வாசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாவது வரியில் 'எனா' என்று வந்தது. மொழி என்று அர்த்தம், நான் முதல் பாடத்தில் படித்த வார்த்தை. டாக்டர் படிப்புக் கடிதத்தில் இதற்கு என்ன வேலை? நிறுத்தினேன். வாய்க்குள் முதலிலிருந்து மறுபடி படித்தேன். மருத்துவத்துக்கு அங்கே 'மெதித்சினா' என்பார்கள், ஆங்கிலம் மாதிரியே இருக்கும், கண்ணுக்குத் தப்பாது. கடிதத்தில் எங்குமே அது இல்லை.

"அத்தை, இதுல டாக்டர் படிப்புன்னே இல்ல. ஒரு வருஷம் பாஷை படிக்க ஆயத்த வகுப்புன்னுதான் போட்டிருக்கு."

அத்தையின் முகம் சிவந்துவிட்டது.

"ஜெபிச்ச காகிதத்துலயா குத்தம் கண்டுபிடிக்க?"

யாரோ கன்சல்டன்சிக்காரரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்கள். அவர் சிரித்தார். "பாப்பா போனைப் பாத்துப் படிச்ச பாஷைதானக்கா? அங்கன உள்ள வழக்கம் அதுக்கு எப்படித் தெரியும்?"

"வேற யார்ட்டயாவது கேட்டுப் பாருங்க. அந்த யுனிவர்சிட்டிக்கே நான் எழுதிக் கேக்கேன்" என்றேன்.

"அண்ணாச்சி எத்தனை பிள்ளைகள அனுப்பிருக்காரு! நீ பைய உள்ள போ" என்றார் அப்பா. அந்த ஹாலில் மொழி படித்தவர் நான் போக அவர் ஒருவர்தான்.

ஐயர் மட்டும், "எதுக்கும் ஒரு தடவை விசாரிச்சுக்கிடலாமே" என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த ஜெப வீட்டுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார். அவர் மேலும் எனக்குக் கோபம்தான். ஜெபத்தை அவ்வளவு சத்தமாகச் செய்தவர் இதையும் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். மறுநாள் காலையில் அத்தை மகள் வந்தாள். "நெசமாத்தான் சொல்லுதியா?" என்றாள். என் நோட்டை எடுத்து ஒவ்வொரு வார்த்தையாகக் காட்டினேன். நோட்டை மூடி என் கையில் தந்தாள்.

"எங்கம்மா கோவில்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டா. இனி எப்படி மாத்துறது?"

ஒரு பெண்ணின் ஒரு வருடத்தைவிட ஊர் வாய் பெரிதா? எங்கள் ஊரில் பெரிதுதான்.

பத்து நாள் கழித்து போன் கைக்கு வந்ததும் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். பதில் வருவதற்குள் அவள் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிட்டாள். நான் படித்தது சரி, அது ஆயத்த வகுப்புதான் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அப்பாவிடம் காட்டினேன். "போயாச்சு. இனி என்ன?" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் அத்தை வந்து எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரை வெறும் மொழிப் பாடமாம். பிள்ளை போனில் அழுகிறாளாம். கன்சல்டன்சிக்காரர் போனையே எடுப்பதில்லையாம்.

"அடுத்த வருஷமாவது டாக்டர் வகுப்புல சேத்துக்கிடச் சொல்லி, அவங்க பாஷைலயே ஒரு லெட்டர் எழுதிக் குடு. வெளிய யார்ட்டயும் சொல்லிராத."

நீ அன்றைக்கே சொன்னாய் என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். பக்கத்திலிருந்த அப்பா சொன்னதைக் கேளுங்கள்: "இவ நல்லா எழுதுவா. பாஷை படி படின்னு நாந்தான சின்னதுலேர்ந்து சொல்லுவேன்!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் எழுதினேன். தலையில் குட்டிக் குட்டி என்னைப் படிக்கவைத்தவளுக்காக எழுதினேன். இரண்டு நாள், அகராதியும் கையுமாக. அச்செடுத்து அத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தை அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. வாங்கின கையோடு வேதாகமத்தின் மேல் வைத்தாள், கை வைத்தாள், கண்ணை மூடினாள்.

நான் அவள் கைக்கு அடியிலிருந்து காகிதத்தை உருவினேன்.

"கண்ணைத் தொறங்க அத்தை. மொதல்ல இதுல என்ன எழுதியிருக்குன்னு என்ட்ட கேளுங்க."

அத்தை என்னை முறைத்தாள். நானும் விடவில்லை, காகிதத்தைக் கொடுக்காமல் நின்றேன். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "என்ன எழுதியிருக்கு?" என்றாள். முதல் வரியிலிருந்து தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.